பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்த அறை

ஆவுடையம்மாள் பின்பக்கமாகத்தான் நடப்பாள். முன்பக்கமாக நடந்தால் இடது பாதம் உள்ளே முறுக்கிக்கொண்டு அவளைக் கீழே தள்ளிவிடும். பின்பக்கமாக நடந்தால் அதே பாதம் சொன்னபடி கேட்கும். அவளுடைய அப்பாவும் இப்படித்தான் நடந்தார். கோவில்பட்டித் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்கு இருபது வருஷமாக முதுகை முன்னால் வைத்துக்கொண்டுதான் போய் வந்தாள். எதிரே வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போன பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். அவளும் திருப்பிச் சொல்வாள்.

தம்பி பேச்சிமுத்துவுக்கு முப்பத்தொன்பது வயதில் அதே முறுக்கு வந்தது. அவன் பஸ் கண்டக்டர். பின்பக்கமாக நடந்து டிக்கெட் கிழித்துப் பார்த்தான். பஸ் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் இரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

“என்ன சீக்குன்னு கேக்காங்க அக்கா” என்றான். “ஒரு பேராவது இருந்தா சொல்லிட்டுப் போயிருவேன்.”

அதனால் ஆவுடையம்மாள் லீவு போட்டுவிட்டு, அந்தச் சீக்குக்குப் பெயர் வாங்கிவரப் புறப்பட்டாள்.

அரிய அசைவு நோய்களுக்கான கூட்டு ஆராய்ச்சி நிலையம் ஒரு கவுண்டரும் ஒரு தாழ்வாரமும் கொண்டது. வேறு அறை எதுவும் கண்ணில் படவில்லை. கவுண்டரில் குணசீலி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையம்மாள் முதுகைக் காட்டியபடி வந்து நின்றதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. படிவத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“எத்தனை பேருக்கு இருக்கு?”

“எனக்கும் தம்பிக்கும்.”

“ரெண்டு பேருக்கு இருந்தா அது நோய் இல்லம்மா. பழக்கம்.”

“அப்பாவுக்கும் இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா சேராது. இருக்கணும்.”

மூன்றாவது ஆள் வந்தால் நோய் இருப்பதாக முத்திரை குத்தித் தருவதாகவும், அதுவரை இல்லாத நோயோடு வந்தவர்கள் தாழ்வாரத்தில் காத்திருக்கலாம் என்றும் குணசீலி சொன்னாள். கனிவாகத்தான் சொன்னாள். ஆவுடையம்மாள் தாழ்வாரத்துக்குள் பின்பக்கமாக நாலு அடி வைத்தாள். முதுகில் இன்னொரு முதுகு வந்து மோதியது.

இருவரும் அப்படியே நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. திரும்பவேண்டிய அவசியமும் தெரியவில்லை.

“எடது காலா?” என்றது பின்னாலிருந்த குரல்.

“எடது காலுதான்.”

“எனக்கும் எடதுதான். உள்பக்கமா முறுக்குமா?”

“முறுக்கும்.”

அந்தப் பெண்ணின் பெயர் தெல்மா. பூமியின் மறுபக்கத்தில் ஒரு தீவில் படகுத்துறையில் சீட்டு கொடுக்கிறாள். கோவில்பட்டியைக் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு எப்படிக் கோவில்பட்டிப் பேச்சு வாயில் வருகிறது என்று ஆவுடையம்மாள் கேட்டாள். இந்த நடை யார் யாருக்கு வருகிறதோ அவர்களுக்கெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும், தன் வீட்டில் நேராக நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது என்று தெல்மா விளக்கினாள். பரம்பரையாக வருவதுதான் என்றாள்.

ஆவுடையம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா செத்த பிறகு புதிதாகச் சொந்தம் என்று யாரும் முளைக்கவில்லை. அவள் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்தாள். தெல்மாவும் சாய்ந்தாள்.

குணசீலி எட்டிப் பார்த்து எண்ணினாள். நோய் இருப்பதாக முத்திரை குத்தினாள். பெயர் வைக்கும் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது, டாக்டர்கள் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றாள். போகத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறதாம்.

சிறிது தூரத்திலேயே டாக்டர்களைப் பார்க்க முடிந்தது. ஏழு பேர். ஏழு நாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு பெட்டி. அந்த நோய் அவர்களிடம் ஏழு பாகமாகப் பிரிந்து கிடந்தது. குதிகால் ஒருவரிடம், வம்சாவளி ஒருவரிடம், ரத்தம் ஒருவரிடம். ஏழையும் ஒரே மேசையில் வைத்தால்தான் பெயர் தெரியும். அவர்கள் வியர்க்க வியர்க்க முன்னால் நடந்தார்கள். ஓர் அடி வைத்தால் தாழ்வாரம் ஓர் அடி நீண்டது. யாருக்கும் வருத்தமில்லை. வழியில் அவர்களுக்குள் ஒரு கல்யாணம்கூட நடந்திருந்தது.

குதிகாலை வைத்திருந்தவர் டாக்டர் வேதநாயகம். பாளையங்கோட்டைக்காரர்.

“ஆராய்ச்சி நல்லாப் போய்க்கிட்டிருக்கும்மா” என்றார். “அறைதான் வரமாட்டேங்குது.”

திரும்பி நின்று பின்பக்கமாக நடந்து பார்க்கும்படி ஆவுடையம்மாள் சொன்னாள். டாக்டர்கள் கூடிப் பேசினார்கள்.

“இதுக்கு முன்னால யாராச்சும் செஞ்சிருக்காங்களா?” என்று வேதநாயகம் கேட்டார்.

“எங்கப்பா செஞ்சிருக்காரு.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அது போதும் என்று ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் எல்லோரும் விழுந்தார்கள். ஆவுடையம்மாள் ஒரு ஓரத்திலும் தெல்மா மறு ஓரத்திலும் நின்று கை கோத்துக்கொண்டு நடத்திப் போனார்கள். குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது, விரலை ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். குதிகாலில் முப்பது வருஷம் செலவழித்த வேதநாயகம் அதைக் கேட்டுக் கண் கலங்கிச் சிரித்தார். தாழ்வாரம் மடமடவென்று சுருங்கியது. பதினேழாவது அடியில் கதவு அவர்கள் முதுகில் இடித்தது.

உள்ளே ஒரு மேசை இருந்தது. ஏழு பெட்டிகளையும் திறந்து, எடுத்ததையெல்லாம் மேசைமேல் பொருத்தினார்கள். கடைசியாகக் குதிகாலை வைத்ததும் அந்த நோய் எழுந்து உட்கார்ந்தது. முழங்கால் உயரம்தான் இருந்தது. கூச்ச சுபாவம். எல்லோரையும் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது.

டாக்டர்கள் முப்பத்தோர் எழுத்தில் ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாள் குனிந்து அதனிடமே கேட்டாள்.

“ஒம் பேரென்ன?”

“ரெத்தினம்.”

வேதநாயகம் பேனாவைத் திறந்தார். “ர-வா, ரெ-வா?”

“எங்க வீட்ல ரெ.”

அப்படியே எழுதினார்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தெல்மா கையைத் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஆவுடையம்மாள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

“ரெத்தினமா? இதுக்கா நான் பயந்தேன்?” என்றான். அங்கேயே இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனை வைத்தான். கட்டில் கிறீச்சிட்டது இங்கே கேட்டது.

கோவில்பட்டியிலிருந்து பின்பக்கமாக நடந்தால் அதிகத் தூரமில்லை. டாக்டர்கள் சாமான்களை ஒதுக்கி வைப்பதற்குள் வாசலில் அவன் முதுகு தெரிந்தது. உள்ளே வந்து, மெதுவாகச் சுற்றித் திரும்பி, மேசைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். அப்பாவைத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றது. பாட்டனாரையும் தெரியும் என்றது. எதற்காக இப்படிப் பண்ணுகிறாய் என்று அவன் கேட்கப்போகிறான் என்று ஏழு டாக்டர்களும் பேனாவோடு காத்திருந்தார்கள்.

பேச்சிமுத்து அதன் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டான்.

“சாப்ட்டியா?” என்றான்.

அது இல்லை என்று தலையாட்டியது. யாருமே சாப்பிட்டிருக்கவில்லை.