நீலம் பாரித்த கைகள்

பஸ் டிரைவருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது டிப்போ முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் தையற்கடை வைத்திருக்கும் தங்கை மாப்பிள்ளைமேல் அவர் கைநீட்டியதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. ஒரே தங்கை, அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒருநாள் பார்க்கப் போனபோது, தங்கையின் கைகள் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தன. முகம் உப்பி, குரல் கம்மியிருந்தது. அழுதழுது இப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு பண்ணது இது?"

"யாரும் இல்லண்ணே. லேசா இடிச்சாலே இப்படி ஆயிடுது."

"அடி வாங்குறவ எல்லாரும் இதத்தான் சொல்லுவா."

நேரே கடைக்குப் போனார். அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் முன்னாலேயே மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. தப்பு செய்தவன் எப்படிப் பேசுவான் என்று டிரைவர் முடிவு கட்டிவிட்டார். அன்றே தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

இங்கே வந்த பிறகும் அவள் உடம்பில் புதிதுபுதிதாக நீலம் படர்ந்தது. எந்நேரமும் குளிருது என்று போர்த்திப் படுத்துக் கிடந்தாள். மாதவிலக்கு வந்தால் நாள்கணக்கில் ரத்தம் நிற்காது.

"இங்க யாருங்க அவள அடிக்கிறா?" என்று மனைவி கேட்டாள்.

"பழைய அடி. ஆற நாளாகும்" என்று அவள் வாயை அடைத்தார்.

பிறகு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் மறுநாள் வரை ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரம்மா டிரைவரை உட்காரச் சொன்னார். "உங்க தங்கச்சிக்குத் தைராய்டு ரொம்ப நாளாவே குறைஞ்சிருக்கு. அது குறைஞ்சா சில பேருக்கு ரத்தம் உறையறதும் குறையும். தட்டுனாலே கன்னிப்போகும். முகம் வீங்குறது, குரல் மாறுறது எல்லாமே இதனாலதான். மாத்திரையில சரியாயிடும்."

"அப்போ... யாரும் அடிச்சதில்லையா?"

"அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லியிருந்தாள். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கடைக்குப் போனார். பெண்கள் நின்று பேசும் கடையில் ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளை ஒரு பழைய பேன்ட்டுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"உட்காருங்க மச்சான்." தையலை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க அடிச்சது கூடப் பெருசில்ல. தூக்கத்துல என் கைதான் அவமேல பட்டு நீலமாகுதோன்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் தரையில தள்ளிப் படுக்க ஆரம்பிச்சேன். நீங்க அறைஞ்சப்போ, நான்தான் போலன்னு நானே நம்பிட்டேன். அதான் பேசல."

டிரைவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பற்றவும் இல்லை.

தங்கை புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். மாத்திரையில் மெல்ல மெல்லத் தேறினாள், நீலமும் மறைந்தது. ஆனால் பெண்டாட்டியை அடிப்பவர் என்று கடையை விட்டுப் போன பெண்கள் வரவில்லை. கடைக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் டிரைவரே போய்த் தைராய்டு, ரத்தம் என்று எல்லாவற்றையும் விளக்கினார்.

"அப்படியா?" என்று சிரித்த அந்தம்மா, மகளின் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு நடந்தாள்.