லினெட்டின் முதல் பக்கம்

என் அண்ணன் டேரிலின் மனைவி லினெட்டுக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றோரம் மலம் சேரும் பை ஒன்றை ஒட்டிக்கொண்டு வீடு திரும்பியவள் முதலில் கேட்டது, கடலில் எப்போது இறங்கலாம் என்பதைத்தான். யெப்பூன் என்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள். கடலில் நனையாத நாள் அவளுக்கு முகம் கழுவாத நாள் மாதிரி. காயம் ஆறியதும் இறங்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் கடைகளில் கிடைத்த நீச்சலுடை எதுவும் அந்தப் பையை மறைக்கவும் இல்லை, நழுவாமல் பிடித்து வைக்கவும் இல்லை.

லினெட் பக்கத்து நகரமான ராக்ஹாம்ப்டனின் நடனப் பள்ளிகளுக்கு உடை தைக்கிறவள். இழுத்தால் நீளும் துணியெல்லாம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். தனக்கு ஒன்று தைத்துக்கொண்டாள். உள்ளே பைக்கென்று தனி இடம், வெளியே பார்க்கிறவர் கண்ணை வேறுபக்கம் இழுக்கும் பெரிய பூப்போட்ட துணி. அவளைப்போல் பை வைத்தவர்கள் அவ்வப்போது கூடிப் பேசும் குழு ஒன்று உண்டு. எனக்கும் ஒன்று தைத்துத் தா என்று அங்கே ஒருத்தி கேட்டாள், பிறகு இன்னொருத்தி கேட்டாள். ஆண்கள் தாங்கள் கேட்க வெட்கப்பட்டு மனைவிமாரை அனுப்பினார்கள். அவர்களுக்கு இடுப்பு உயர்ந்த அரைக்கால்சட்டை தைத்தாள்.

டேரில் எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு வயர் இழுக்கத் தெரிந்தவனுக்கு வலைத்தளம் கட்டத் தெரியாதா என்று அவனே உட்கார்ந்து ஒரு கடை கட்டினான். முகநூலில் விளம்பரம் போட்டார்கள். விளம்பரத்தைத் தொட்டால் நேராக அந்தக் கடையின் முதல் பக்கத்தில் வந்து விழலாம். வந்தார்கள், கூட்டமாகவே வந்தார்கள். வாங்கத்தான் இல்லை.

"நூறு பேர் வந்தா ஒருத்தர் வாங்குறாங்க. சில வாரம் அதுவும் இல்ல," என்று லினெட் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னிடம் சொன்னாள். டேரில் பின்பக்கம் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். "நரெல், நீ பத்திரிகைல விளம்பர வேலை பாத்தவதானே. ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

எங்கள் பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. அதன்பிறகு சின்னச் சின்னக் கடைகளின் வலைத்தளங்களைச் சீர் செய்து கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் செய்வதில்லை என்று வைத்திருந்தேன். லினெட் கேட்டதும் அது பறந்துபோனது. போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு திரை முழுக்க ஒரு அலை, விட்டு விட்டு, இழுத்துக்கொண்டு வந்தது.

"டேரில், இந்த அலை எங்க எடுத்தது?"

"நம்ம பீச்சுதான். ட்ரோன் விட்டு எடுத்தேன். அழகா இல்ல?"

"அழகுதான். ஆனா அது கரைக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு சாசேஜ் தின்னுட்டேன்."

"உன் போன் பழசு."

"வாங்க வர்றவங்க போனும் பழசாத்தான் இருக்கும்."

அலை ஓய்ந்ததும் ஒரு கட்டம் வந்து கண்ணை மறைத்தது. மின்னஞ்சல் கொடுங்கள், முதல் உடைக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றது.

"கடை வாசல்ல கால் வைக்கிறதுக்குள்ள பேரென்ன ஊரென்னன்னு மறிச்சுக் கேட்டா நீ உள்ள போவியா?" என்றேன்.

"போக மாட்டேன்," என்றான் டேரில். "ஆனா அத வச்சாத்தான் வியாபாரம்னு ஒருத்தன் வீடியோல சொன்னான்."

"அவன் எத்தனை நீச்சலுடை வித்தான்னு கேட்டியா?"

கட்டத்தை மூடினேன். அடியில் லினெட்டின் முகம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு எடுத்த படம். அதன்கீழ் அவள் கதை. கழிப்பறையில் முதன்முதலாக இரத்தம் பார்த்த காலையில் தொடங்கியது. அறுவை முடிந்து கண் விழித்துப் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தது, அன்றிலிருந்து டேரில் பக்கம் முதுகைத் திருப்பி உடை மாற்றியது, எல்லாம் இருந்தது. எல்லாம் எனக்கு நேரில் தெரிந்தவைதான். இருந்தும் நின்ற இடத்திலேயே கடைசிவரை படித்தேன். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். படித்து முடித்து இன்னும் கொஞ்சம் தள்ளிய பிறகுதான் முதல் நீச்சலுடை கண்ணில் பட்டது.

அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் அவள் தையல் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"உடையெல்லாம் மேல வரணும், லினெட். உன் கதை கீழ போகணும். இல்லன்னா தனிப் பக்கம் ஒண்ணு வச்சு அங்க போடலாம்."

அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"வேணாம்."

"ஏன்னு சொல்லேன்."

"அது இல்லன்னா நானும் நூத்துல ஒரு கடைக்காரி. இவளுக்கு என்ன தெரியும்னு நினைப்பாங்க. நானும் அவங்க மாதிரிதான்னு தெரிஞ்சாத்தானே நம்புவாங்க?" வெட்டிய துணியை மடித்து வைத்தாள். "அத எழுத எனக்கு எவ்வளவு காலம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாது, நரெல்."

நான் வற்புறுத்தவில்லை. "சரி, உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். வர்றவங்ககிட்டயே கேட்டுருவோம்," என்றேன். முதல் பக்கத்தை இரண்டு விதமாக வைப்பது என் திட்டம். ஒன்றில் அவள் கதை மேலே, இன்னொன்றில் உடைகள் மேலே. வருகிறவர்களில் பாதிப்பேர் ஒன்றைப் பார்ப்பார்கள், மீதிப்பேர் மற்றதை. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். இரண்டிலுமே அலையும் கட்டமும் இருக்காது. லினெட் ஒத்துக்கொண்டாள். தன் கதைதான் ஜெயிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. டேரில்தான் அலை போன துக்கத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவசரப்பட்டு எண்ணினால் ஏமாந்துபோவோம் என்பதால் போதிய ஆட்கள் வந்து போகும்வரை காத்திருந்தோம். பிறகு கணக்கைப் பார்த்தேன். உடைகள் மேலே இருந்த பக்கத்தில் வாங்கியவர்கள், கதை மேலே இருந்த பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதல். கதைப் பக்கத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் பாதிகூடப் படிக்காமல் போயிருந்தார்கள்.

வேறு எந்தக் கடையாக இருந்தாலும் மகிழ்ச்சியாகப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். இவளிடம் நேரில் போய் உட்கார்ந்துதான் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகவே சொன்னேன். லினெட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எல்லாரும் ஓடிப்போயிருக்காங்க," என்றாள்.

"அப்படி இல்ல, லினெட்."

"பின்ன எப்படி? நீயே சொல்லேன்."

போனார்கள் என்று கணக்கு சொன்னது. ஏன் போனார்கள் என்று அதில் இல்லை. அவளாகவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "எடுத்துரு. எல்லாத்தையும் எடுத்துரு. என் போட்டோவையும்தான்," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் அவள் கடலுக்குப் போகவில்லை என்று டேரில் சொன்னான். ஜெல்லி மீன் காலம் தொடங்கிவிட்டது என்று சாக்குச் சொன்னாளாம். அவை கொட்டாமல் இருக்க வலை கட்டிய பகுதியில் இறங்குகிறவளுக்கு ஜெல்லி மீன் எப்போது தடையாக இருந்தது?

கதையை எடுத்துவிட்டுச் சில நாள் கழித்து நான் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு போன் வந்தது. பக்கத்தின் அடியில் அவள் எண் உண்டு. யாரும் அழைப்பதில்லை. லினெட் இரண்டு கையாலும் மெஷினில் துணியைப் பிடித்திருந்ததால் ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

வயதான ஆண் குரல். கடலுக்கு வெகுதூரம் உள்ளே, பிளாக்கால் ஊருக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பண்ணை, பெயர் ராஸ் டன்க்லி என்றார். பிறகு கொஞ்ச நேரம் வறட்சியைப் பற்றிப் பேசினார். லினெட் பொறுமையாக உம் கொட்டினாள்.

"அந்தக் கால்சட்டை," என்றார் கடைசியில். "வாங்கினா பொட்டிக்கு மேல என்ன எழுதியிருக்கும்?"

"உங்க பேரும் விலாசமும்தான். ஏன் கேக்குறீங்க?"

"இங்க தபாலாபீஸ்ல மார்ஜ்னு ஒரு அம்மா. பொட்டி மேல இருக்கிறத சத்தமா வாசிச்சிட்டுத்தான் கையில குடுப்பா. வரிசைல நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும். பைன்னு கியின்னு ஏதாவது எழுதியிருந்தா நான் ஊரைவிட்டே போகணும்."

லினெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுவும் எழுத மாட்டேன். கடை பேரு கூட இருக்காது."

"அத உங்க பக்கத்துல போட்டிருந்தா போன மாசமே வாங்கியிருப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "போன மாசம் வந்தப்ப அதுல ஒரு அம்மாவோட கதை இருந்துச்சு. இப்பக் காணோம்."

மெஷின் நின்றது. நான் போனை எடுக்கப் போனேன். லினெட் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அது நான்தான்," என்றாள். "நிறையப் பேருக்குப் பிடிக்கல. எடுத்துட்டோம்."

மறுமுனையில் நாய் குரைப்பது கேட்டது. அவர் அதை அதட்டிவிட்டு வந்தார்.

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? நான் பாதியிலயே மூடிட்டேன், அது வாஸ்தவம். போர்வைக்குள்ள கைய விட்டுப் பாத்தேன்னு எழுதியிருந்தீங்கல்ல, அந்த இடம். நானும் அப்படித்தான் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த நேரம் பாத்து மக உள்ள வந்துட்டா. அவளுக்கு என்னென்னு சொல்றது? பட்டுன்னு மூடிட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் பயமா இருந்துச்சு, திரும்பத் திறக்க. கால்சட்டை வாங்க வந்தவனுக்கு அது கொஞ்சம் அதிகம், அம்மா. அவ்வளவுதான். மோசம்னு இல்ல."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்று லினெட் கேட்டாள்.

"பொண்டாட்டி இருந்தவரை அவகிட்ட சொன்னேன்."

அதன்பிறகு நான் அறையைவிட்டு வெளியே போய்விட்டேன். பின்பக்கம் டேரிலோடு தேநீர் குடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வெகுநேரம் பேச்சுக் குரல் கேட்டது. நடுவில் ஒருமுறை லினெட் வாய்விட்டுச் சிரித்தாள். டேரில் என்னைப் பார்த்தான்.

"யாரு அது?"

"வாடிக்கையாளர்."

"வாங்குவானா?"

"தெரியல. பேசட்டும் விடு."

லினெட் வெளியே வந்தபோது கையில் ஒரு காகிதத் துண்டு வைத்திருந்தாள். பக்கத்தின் மேலே என்ன வரவேண்டும் என்று அவளே எழுதியிருந்தாள். 'பைக்கு உள்ளே இடம் இருக்கிற நீச்சலுடை. தண்ணீரில் அசையாது, வெளியே தெரியாது. பெட்டியின் மேல் உங்கள் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்காது.' நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடியில் அவள் சிரிக்கிற படம் ஒன்று, பூப்போட்ட உடையில், இடுப்பளவு தண்ணீரில் நிற்பது. அதற்குக் கீழே, 'இதைத் தைக்கிறவள் நான். என் கதை வேண்டுமென்றால் இங்கே' என்று ஒரு வரி. தொட்டால் அந்தக் கதை தனிப் பக்கத்தில் திறக்கும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். வாங்குவதற்குக் கணக்குத் திறக்கச் சொல்லி டேரில் வைத்திருந்த இன்னொரு கட்டத்தையும் எடுத்தேன். இந்த முறை அவன் கோபிக்கவில்லை.

கடை ஒரே நாளில் பொங்கி வழிந்துவிடவில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் கூடியது. முன்பு நூறு பேர் வந்தால் ஒருவர் வாங்கிய இடத்தில் நான்கு பேர், சில வாரம் ஐந்து பேர் வாங்கினார்கள். அதில் ஆண்கள்தான் அதிகம் என்பது எங்களில் யாரும் எதிர்பாராதது. கதைப் பக்கத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம்தான். போனவர்கள் கடைசிவரை படித்தார்கள். பலர் உடை கைக்கு வந்த பிறகு திரும்பி வந்து படித்தார்கள். சிலர் பதில் எழுதினார்கள், தங்கள் கதையை. லினெட் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். அதனால் தையல் பிந்தியது. அதற்காக நான் அவளைத் திட்டினேன். அவள் கேட்கவில்லை.

டன்க்லி ஒரு நீலக் கால்சட்டை வாங்கினார். அது போய்ச் சேர்ந்த சில நாளில் மறுபடி போன் வந்தது.

"மார்ஜ் பொட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தா. வாசிக்க ஒண்ணும் கிடைக்கல. என்னய்யா இதுன்னு கேட்டா. விதைன்னுட்டேன்."

"கால்சட்டை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஏறத்தான் மாட்டேங்குது."

"எந்த அளவு போட்டீங்க?"

"எப்பவும் போடுற அளவுதான். கல்யாணத்துல இருந்து அதே அளவுதான் வாங்குறேன்."

"கல்யாணம் ஆகி எவ்வளவு வருஷம்?"

"அத ஏன் கேக்குறீங்க," என்றார்.

லினெட் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அளவு நாடா எங்கே வைப்பது, தொப்புளுக்கு மேலேயா கீழேயா, மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் முனகிக்கொண்டே அளந்தார். அவர் எண்ணைச் சொன்னதும் லினெட் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு அவள், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, துணி நிறைய இருக்கு," என்றாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "பழைய அளவு போடாதீங்க, இப்ப அளந்து போடுங்கன்னு பக்கத்துல எங்கயாவது போடு," என்றாள். அன்று மாலையே பெரிய அளவில் ஒன்று வெட்டித் தைத்து முடித்தாள். டேரில் மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் லினெட் பழையபடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிப் போனாள்.