சிவப்புப் புள்ளிமேல் ஒட்டிய டேப்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் இருந்தவர்கள்: கையில் மைக்கோடு பல் டாக்டர், டிரம்ஸுக்குப் பின்னால் லிஃப்ட் பழுது பார்ப்பவர், நோயாளிகள் உட்காரும் நீள நாற்காலியில் ஒயர் சிக்கலைப் பிரித்துக்கொண்டு மெழுகு, அவன் மடியில் ஒரு பழைய டேப்லெட். மாடி வீட்டில் டாக்டரின் மனைவி. இவர்களில் பாடத் தெரிந்தது டேப்லெட்டுக்கு மட்டும்தான்.

அது டாக்டருக்குத் தெரியாது. லிஃப்ட்காரருக்கும் தெரியாது.

மெழுகு, டாக்டர் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல் செட் செய்கிறவன். எந்நேரமும் விரலில் மெழுகு ஒட்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஆறு வருடத்துக்கு முன் டாக்டருக்கு மேடை ஆசை வந்தபோது, சவுண்டுக்குப் பொறுப்பாக வீட்டு ஆளே இருக்கட்டும் என்று அவனைப் பிடித்துப் போட்டார். அவர் பாடியதை மெழுகு ஒருமுறை கேட்டான். சுருதி ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தது, அவர் பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கே டேப்லெட்டில் ஒரு செயலியை இறக்கினான். மைக்கில் வரும் குரலை வாங்கி, ஓடிப்போன சுரத்தைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் செயலி. டாக்டரிடம் சொல்லவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம், அப்புறம் பழக்கம்.

செயலியைச் செய்த கம்பெனி இரண்டே வருடத்தில் கடையைக் கட்டியது. அதனால் அது பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். புதிய சிஸ்டம் ஏறினால் கதை முடிந்தது. அதிலிருந்து டேப்லெட்டை மெழுகு வைஃபை பக்கமே விட்டதில்லை. எப்போதோ வந்து, அப்டேட் வேண்டும் என்று திரையில் குந்திவிட்ட ஒரு சிவப்புப் புள்ளியின்மேல் நகக்கண் அளவுக்குக் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டி வைத்திருந்தான்.

இப்போது பார்த்தால் டேப்பைக் காணோம். புள்ளியையும் காணோம்.

"அத்தான், இதுலே ஒரு டேப் இருந்ததே?"

"அதுவா?" டாக்டர் முகம் மலர்ந்தது. "நேத்து சாயங்காலம் பார்த்தேன் மச்சான். கறுப்பா என்னமோ ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பல் காறை எடுக்கிற ஊசியாலேயே நைசா சுரண்டி எடுத்துட்டேன். திரையிலே ஒரு கீறல் இல்லே, பார்த்துக்கோ. அடியிலே பார்த்தா சிவப்பா ஒரு புள்ளி, சொத்தைப் பல் மாதிரி. விட்டுவைக்க மனசு வருமா? அழுத்தினேன். அப்டேட் கேட்டுச்சு, வைஃபையைப் போட்டுக் கொடுத்தேன். காலையிலே பார்க்கிறேன், புத்தம் புதுசு!"

முப்பது வருடமாக அடுத்தவன் வாயில் சுரண்டியே சம்பாதித்த மனிதர். கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

மெழுகு செயலியைத் தொட்டான். அதன் சின்னப் படம் சாம்பல் பூத்திருந்தது. 'இந்தப் பதிப்பில் இது இயங்காது. தயாரிப்பாளரை அணுகவும்.' தயாரிப்பாளர் எந்த ஊரில் மீன் வளர்க்கிறாரோ!

பன்னிரண்டு மணிக்கு மருத்துவர் சங்க ஆண்டுக் கூட்டம். முன்வரிசையில் கண் டாக்டர் உட்கார்ந்திருப்பார். அவரும் பாடுகிறவர், நிஜமாகவே பாடுகிறவர். ஆறு வருடமாகக் கைதட்டலில் இவரிடம் தோற்று, காரணம் புரியாமல் இளைத்துப்போனவர். இன்றைக்கு டாக்டரின் சொந்தக் குரல் ஸ்பீக்கரில் வந்தால் கண் டாக்டர் மறுபடி சதை போடுவார். டாக்டருக்கோ எல்லாம் விளங்கிவிடும். அப்புறம் மெழுகு எந்த முகத்தோடு இந்தப் படியில் ஏறுவது?

"என்ன மெழுகு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? ஸ்பீக்கரைப் போடு" என்றார் லிஃப்ட்காரர்.

"கேபிள் போயிடுச்சுண்ணே. மேலே வேற கேபிள் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

"மேலே போறேன்னு சொல்லிட்டு நடுவிலே நின்னுடாதே. நான் ஸ்பேனர் கொண்டுவரலே."

"கேபிள் வர்றவரைக்கும் நான் சும்மாவே பாடறேன். கேட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் ஒரு அடியை எடுத்துவிட்டார். முடித்ததும் வழக்கம்போலக் கேட்டார்: "எப்படி?"

ஒவ்வொரு அடிக்கும் கேட்பார். பதில் வராமல் அடுத்த அடிக்குப் போகமாட்டார்.

"ஸ்பீக்கர்லே இதைவிட நல்லா இருக்கும் டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர், யோசித்து யோசித்து.

மெழுகு படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி மாடிக்கு ஓடினான். அக்கா சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன். ஜன்னல் திட்டில் கண்ணாடி விரிசல் விட்ட அவளுடைய பழைய போன், சார்ஜரில் செருகியபடி. கீழேயிருந்து புருஷன் குரல் படியேறி வந்துகொண்டிருந்தது. அக்கா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் நிறுத்தினால் அவள் தலையும் நின்றது. தொடங்கினால் ஆடியது.

மெழுகு போனை எட்டிப் பார்த்தான். அதே செயலி. திரை ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெட்டி ஒட்டிய காயப் பிளாஸ்திரி.

"அக்கா! இது என்ன?"

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "நீ கறுப்பு டேப் ஒட்டினே. என்கிட்டே பிளாஸ்திரிதான் இருந்துச்சு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணமான மூணாம் நாள் குளியலறையிலே பாடினார். நான் யாருக்கோ அடிபட்டுடுச்சுன்னு ஓடினேன். அதே மனுஷன் மேடையிலே தேனா ஒழுகினா எனக்குச் சந்தேகம் வராதா? உன் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன், அன்னைக்கே இதுலே இறக்கிட்டேன். அஞ்சு வருஷமா எங்க வீட்டிலே சண்டையே கிடையாது."

மெழுகு நடந்ததைச் சொன்னான். அக்கா துணியைக் கீழே வைத்தாள்.

"அப்போ உலகத்திலே மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதானா?"

"எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். கொடுக்கா."

"கொடுத்துட்டு? மேடைக்கு மாசம் ஒரு தடவை போவார். வீட்டிலே தினம் மூணு வேளை பாடறார். என் காதுக்கு யாருடா பொறுப்பு?"

"என்ன வேணும், சொல்லு."

அக்கா யோசிக்கவே இல்லை. கேட்கக் காத்திருந்தவள் மாதிரி கையை நீட்டினாள். "எக்ஸ்ரே ரூம் சாவி."

மெழுகின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. கைக்கு அடக்கமான புதிய மெஷின் வந்த பிறகு பழைய எக்ஸ்ரே அறை அவன் ராஜ்ஜியமாகிவிட்டது. சுவர் முழுக்க ஈயத் தகடு, உள்ளங்கை கனத்துக்குக் கதவு, வெளிச் சத்தம் உள்ளே வராது. உள்ளே அலமாரி நிறைய நோயாளிகளின் வாயை அச்செடுத்த பிளாஸ்டர் தாடைகள், மூலையில் ஒரு பாய். சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் அவனை அங்கே எழுப்ப ஆள் கிடையாது.

"அக்கா, அதுலே என் சாமான் எல்லாம்..."

"பாய்தானே? சுருட்டிக்கோ."

கீழேயிருந்து டாக்டர் கத்தினார். "மச்சான்! கேபிள் கிடைச்சுதா?"

மெழுகு சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

மேடையில் ஒரு குறையும் வரவில்லை என்று சொல்ல முடியாது. அக்காவின் போனுக்குச் சார்ஜரை விட்டால் உயிர் இல்லை. இரண்டாம் பாட்டின் நடுவில் யாரோ ஒரு தோல் டாக்டர் தன் போனுக்கு இடம் வேண்டுமென்று அந்தச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். மூன்று சதவீதம் என்று காட்டியதும் மெழுகு லிஃப்ட்காரரைப் பார்த்துக் கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை செய்தான். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பாட்டை அங்கேயே வெட்டிவிட்டு இரண்டு நிமிடம் டிரம்ஸை வெளுத்து வாங்கினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. கண் டாக்டரும் எழுந்தார். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

"எப்படி?" என்றார் டாக்டர், காரில் ஏறியதும். சாலை நெடுக அதையேதான் கேட்டார்.

வீடு வந்து சேரும்போது மணி நாலு. டாக்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது போல, குரல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. இன்றைக்கு அக்கா காதில் ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"என்னங்க, இனிமே நீங்க இப்படிக் கண்ட இடத்திலே பாடக்கூடாது."

டாக்டர் நிறுத்தினார்.

"இவ்வளவு பெரிய பாடகருக்குத் தனியா ஒரு பிராக்டிஸ் ரூம் வேணாமா? ஊர்லே என்னையில்லே கேட்பாங்க? தம்பி தன் ரூமையே காலி பண்ணிக் கொடுத்துட்டான்."

டாக்டர் கண் கலங்கியது. "மச்சான்! எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான் அத்தான்" என்றான் மெழுகு. அவன் கக்கத்தில் பாய் இருந்தது.

டாக்டர் உள்ளே போய் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அலமாரித் தட்டுகளில் நூற்றுச் சொச்சம் தாடைகள், எல்லாம் வாயைப் பிளந்தபடி. சபைக்குச் செய்கிறமாதிரி அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டார், தொண்டையைச் செருமினார், ஒரே ஒரு அடி பாடினார். பாடிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"எப்..."

அக்கா கதவைச் சாத்திச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.