மூன்றாவது வளைவில் அரைத் தாளம்

அன்று காலைக்குள் ஒன்று தீர்மானமாக வேண்டியிருந்தது. க்ளெப் எங்களோடு இருப்பானா, சொந்த ஊரான சரத்தோவுக்கு ரயிலேறுவானா என்பதுதான் அது. விடுதியில் அவன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான்.

நான் பதினொரு வருடம் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளில் ஆடியவள். பதினாறு வருடமாகப் பயிற்சி தருகிறேன். உல்யானாவும் க்ளெப்பும் என் ஜோடி. அவர்களுடைய புது டாங்கோ நடனத்தில், மூன்றாவது வளைவில் கால் மாற்றும்போது, அவள் கால் விழுந்து அரைத் தாளம் கழித்துத்தான் அவன் கால் விழும். இரண்டு மாதமாக இதே கதை. பையன் மந்தம் என்று அறிக்கையில் நானே எழுதியிருந்தேன். உல்யானாவின் அம்மா இங்கா பெத்ரோவ்னா அதைப் படித்துவிட்டு, கசானிலிருந்து சவேலி என்பவனை மகளோடு ஆடிப் பார்க்க வரவழைத்துவிட்டார்.

"ரிம்மா அர்காதியெவ்னா, இவன் தோளப் பாருங்க. க்ளெப்புக்கு இருக்கறது தோளா, கோட்டு மாட்டற ஆணியா?" என்றார் இங்கா என்னிடம்.

"தோள வச்சு ஆட முடியாதுங்க. கால் எப்படின்னு பாப்போம்."

சவேலியும் உல்யானாவும் ஆடினார்கள். நான் வழக்கம்போலப் பனித்தளத்தின் தடுப்புப் பலகையோரம் நின்று, கை தட்டி, உரக்க எண்ணினேன். மூன்றாவது வளைவில் அதே அரைத் தாளம். மறுபடி ஆடச் சொன்னேன். மறுபடியும் அதே. இவனும் மந்தமா? எனக்குப் புரியவில்லை.

இங்கா கைப்பேசியை எடுத்தார். "இந்தத் தடவ வீடியோ எடுக்கறேன், கோவிச்சுக்காம கொஞ்சம் சும்மா நில்லுங்க. உங்க சத்தத்துல பாட்டே கேக்காது."

நின்றேன். மூன்றாவது வளைவில் இருவர் காலும் ஒன்றாக விழுந்தன.

"பாத்தீங்களா? ரெண்டே தடவையில பழகிட்டான்."

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் குழப்பம் பிடித்தது. யாருமே திருத்தாமல் அவன் எப்படித் திருந்தினான்?

உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த க்ளெப்பைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு? அவன் பக்கத்துல நிக்க வச்சுப் பாக்கவா?"

"பேசாம வாடா."

அவனையும் உல்யானாவையும் ஆடவிட்டு, வாய் திறக்காமல் பார்த்தேன், சரியாக வந்தது. எண்ணினேன், பிசகியது. மறுபடி வாயை மூடினேன், சரியாக வந்தது.

"உல்யானா, நீ எதக் கேட்டுக் கால் வைக்கற?"

"உங்களத்தான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே."

"நீ எதடா, க்ளெப்?"

"பாட்ட. தூரத்து மூலையில நீங்க எண்ணறது எப்பவும் பாட்டுக்கு முன்னாடி ஓடும். அதக் கேக்கறத விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"மந்தம்னு பேர் வாங்கினவன் சொன்னா, யாரு கேப்பா?"

நான் ஆடிப் பழகிய தளத்தில் ஒரே ஓர் ஒலிபெருக்கி, நடுவர்கள் பக்கம். எதிர்மூலைக்கு, அதாவது மூன்றாவது வளைவு வரும் இடத்துக்கு, பாட்டு தாமதமாக வரும். நடுவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்காக எங்களை முந்தி எண்ணப் பழக்கினார்கள். இங்கே நான்கு பக்கமும் ஒலிபெருக்கி. பதினாறு வருடமாக முந்தித்தான் எண்ணுகிறேனா? இதற்கு முன் நான் மந்தம் என்று எழுதி வெளியே அனுப்பிய இரண்டு பையன்கள்? தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

இங்காவிடம் போனேன். "க்ளெப் இருக்கட்டும். தப்பு என்னோடது." நடந்ததைச் சொன்னேன்.

அவர் கைப்பேசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் மாத்த வேண்டியது யார?"

சவேலி பெஞ்சில் குனிந்து ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டிக்கு மூணு வாரம் இருக்கு," என்றேன். "அதுவரைக்கும் நான் எண்ணல. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

"எண்ணாம நின்னா என்ன செய்வீங்க?"

"தெரியலங்க."

க்ளெப் பலகை மேல் கையூன்றி நின்றான். "பெட்டியில இருக்கறத எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்கட்டா, வேணாமா?"

"அடுக்கு," என்றேன்.