ஐந்தாவது குண்டு வழியில் இருக்கிறது

பல நாடுகள் கலந்துகொண்ட விளையாட்டுப் போட்டியில், ஆண்களுக்கான அதிவேகக் கைத்துப்பாக்கி இறுதிச் சுற்றில், கடைசியாகச் சுடப்பட்ட குண்டு இலக்கைச் சேர பதினான்கு வருடம் நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. சுட்டவர் உள்ளூர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். இருபது வருடமாக நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாக மரத்தட்டுகளில் வீசிப் பழகிய கை அது. பச்சை விளக்கு எரிந்ததும் தாழ்ந்த கையை உயர்த்தி, வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளில் இலக்குக்கு ஒன்றாக நான்கே விநாடியில் குண்டுகளைச் சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பட்டுவாடா. அன்றைக்குத் தங்கத்துக்கு நின்றவர்கள் அவரும் வெளிநாட்டுப் பல் டாக்டர் ஒருவரும்தான். பட்ட குண்டுக்கு ஒரு புள்ளி; டாக்டர் முப்பத்தொன்றோடு முடித்துவிட்டார். கடைசி ஐந்தும் பட்டால் பட்டுவாடாவுக்கும் முப்பத்தொன்று. நான்கு பட்டன. ஐந்தாவது, இலக்குக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தவர்கள், அது சூடாக இருந்ததாகவும் மெல்லச் சுழன்றதாகவும் சொன்னார்கள்.

நடுவரின் தாளில் இரண்டே கட்டங்கள்: பட்டது, தப்பு. பாவம், அவர் என்ன செய்வார்? தப்பு என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். போட்டால் வெள்ளிப் பதக்கம்.

"தப்புன்னு யாரு சொன்னது?" என்றார் பட்டுவாடா. "எங்க ஆபீஸ்ல லெட்டர் சேர்ந்தா சேர்ந்ததுன்னு எழுதுவோம், திரும்பி வந்தா திரும்பிடுச்சுன்னு எழுதுவோம். ரெண்டும் இல்லேன்னா வழியில இருக்குன்னுதான் எழுதணும்."

"நாலு செகண்ட் முடிஞ்சு போச்சே, சார்."

"போட்ட நேரத்துக்குத்தான் சார் முத்திரை. போய்ச் சேர்ற நேரத்துக்கு இல்ல."

மரியாதைக்காகப் பேனாவை மட்டும் கையில் வாங்கினார். குண்டு ஒரு நூலளவு கீழே இறங்கியது. அரங்கமே பார்த்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேடையில் தன் பெயரைக் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் பஸ் ஏறினார். வெள்ளி டப்பாவிலேயே கிடந்தது.

விளையாட்டு வாரியம் கடிதம் மேல் கடிதம் போட்டது. கையெழுத்துப் போடு, இல்லையென்றால் அணியில் இடமில்லை. அத்தனையையும் அவரே பிரித்து, தன் தெருவுக்கான தட்டில் ஒழுங்காகப் போட்டார்; வேலை வேறு, வீம்பு வேறு. அணியிலிருந்து நீக்கினார்கள். துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டார்கள். மனிதர் அசரவேண்டுமே! வெறுங்கையாலேயே பயிற்சி செய்தார். மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "வெள்ளி என்ன கசக்குதா? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்களேன்!" மறுவாரம் அவளை அரங்கத்துக்கு அழைத்துப் போனார். அவள் குண்டுக்குப் பக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். "இது நிக்கலைங்க. போயிட்டிருக்கு" என்றாள். வீடு திரும்பும் வழியில், "கையெழுத்துப் போட்டீங்கன்னா வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்றும் சொன்னாள்.

வருடத்துக்கு ஒரு விரற்கடைகூட முழுசாக இல்லை, ஆனாலும் போய்க்கொண்டுதான் இருந்தது. வாரியத்து ஆள் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுத்தியல் காம்பு உடைந்தது. அரங்கத்தையே இடித்துவிடலாம் என்று இயந்திரம் வந்த அன்று, மனைவி குண்டுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். இரண்டு கிலோ உரித்து முடிப்பதற்குள் இயந்திரம் திரும்பிப் போய்விட்டது. பிறகு அரங்கம் பழைய மேசை நாற்காலி அடுக்கும் கிடங்காயிற்று. ஐந்தாவது இலக்குக்கு எதிரே மட்டும் யாரும் எதையும் வைக்கவில்லை.

பதினைந்தாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, குண்டு நட்டநடுவில் பட்டது. தூசி படிந்த புள்ளிப் பலகையில், பட்டதற்கான பச்சை எரிந்தது. நடுவர் ஓய்வு பெற்றிருந்தார். சேதி கேட்டதும் பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, தப்பை அடித்துவிட்டுப் பட்டது என்று எழுதினார். பட்டுவாடா அங்கேயே கையெழுத்துப் போட்டார். அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. சமன் என்றால் மறுபடி சுட வேண்டும், விதி அப்படி. பல் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியும் தங்கப் பதக்கமுமாக வந்து, முணுமுணுக்காமல் நின்று சுட்டார். ஐந்தில் நான்கு பட்டன, ஒன்று தப்பு. இரவல் துப்பாக்கியோடு பட்டுவாடா நின்றார். பச்சை எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பட்டன. ஐந்தாவது, இலக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நடுவர் தாளில் கோடு போட்டு மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்து, வழியில் என்று எழுதினார்.

"டாக்டர், இப்படி உக்காருங்க" என்று மனைவி பழைய நாற்காலிக் குவியலிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டாள்.

டாக்டர் பதக்கத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, வசதியாக உட்கார்ந்தார்.