தேறிட்டே அம்மணி

1
இந்தக் கதை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட ஒரு சொல்லில் கிடைத்தது. அந்தச் சொல் மட்டும் நிஜம், பெயர்களும் மற்றதும் நான் வைத்தவை. பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும் ஜெனிதாவைப் பார்த்து, அவள் மாமியார் ஜெயக்கொடி வாய் நிறையச் சொன்னார்: "நல்லாத் தேறிட்டே அம்மணி!" மாமியாருக்கு அது பெருமை. ஜெனிதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

(நோவிலிருந்து எழுந்தாலும் தேறுவதுதான், சதை போட்டாலும் தேறுவதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர் யாரோ, கையில் கிடைத்தால் கேட்பேன்.)

2
முதல் வரிக்கு முட்டிக்கொள்கிறேன்.

'மூடுபனியில் வாலாங்குளம் ஒரு'

அடித்துவிட்டேன். பால் கொடுக்கிறவளுக்குப் பனியை ரசிக்க ஏது நேரம்?

'பாப்பாவின் ஞானஸ்நானத்துக்குக் கட்டவிருந்த கல்யாணப் பட்டின் ரவிக்கை, ஜெனிதாவின் கையில் நுழையவில்லை.'

இது இருக்கட்டும். இனி அவள் உடம்பு குறைய நடக்கப்போகிறேன் என்பாள்.

3
"பச்ச ஒடம்பு கண்ணு. நடந்து நடந்து பால் வத்திப்போச்சுன்னா பாப்பா என்ன பண்ணும்?"

"மெதுவா நடந்தா வத்தாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கத்தே."

"அவிங்க சொல்லுவாங்க. அழுவறது நம்மூட்டுக் கொழந்தையாச்சே."

(ஜெயக்கொடியைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. தினமும் பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுப்பவரை எப்படி வில்லியாக்குவது? எரிச்சல்தான் மிச்சம்.)

ஜெனிதா டாக்டரை நம்பினாள். ஆனாலும் மாமியாரின் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

4
ஒரு விடியலில், பாப்பா வயிறு நிறையக் குடித்துத் தூங்கியதும், அவளைக் குளக்கரைக்கு அனுப்பினேன். அடித்த பனி திரும்பி வந்துவிட்டது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. கால்கள் யாருடையவோ போலிருக்க, மெல்ல நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் பால் குறைகிறதோ என்று...

பனிக்குள் எங்கோ ஒரு குழந்தை அழுதது.*

மார்பு சுரீரென்றது. பால் சுரந்து சுடிதாரின் முன்பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. யாரோ பெற்ற பிள்ளைக்கு! துப்பட்டாவால் மூடப்போனவள் அப்படியே நின்று சிரித்தாள். வத்தலையே! பிறகு அழுதாள்.

* யார் வீட்டுக் குழந்தை என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

5
ரவிக்கை நுழைந்தது என்று ஒரு முடிவு எழுதிக் கிழித்துப்போட்டேன். எடை மெஷினையும் இந்தக் கதைக்குள் விடமாட்டேன்.

இப்போது ஜெனிதா நனைந்த சுடிதாரோடு வாசலில் நிற்கிறாள். உள்ளே பாப்பா சிணுங்குகிறது. கதவைத் திறந்த ஜெயக்கொடி அந்த ஈரத்தையே பார்க்கிறார்.

"வத்துலீங்கத்தே. நாளைக்கும் போய்ட்டு வாரனுங்க."

ஜெயக்கொடி முந்தானையால் மருமகளின் நெற்றி வேர்வையைத் துடைக்கிறார்.

"தேறிட்டே அம்மணி."

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முகம் சரியாகத் தெரியவில்லை.