கட்டிலுக்கடியில் ஒரு வாளி மண்

மூடிக் கிடந்த பேட்டரி கம்பெனி நிலத்திலிருந்து முதல் லாரி நச்சு மண் வெளியேறிய காலையில், எதிர்த்தெரு வீடுகள் எல்லாம் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழுந்தன. யாரும் கூச்சல் போடவில்லை. வாசலில் ஆளுக்கொரு கல்லைப் போட்டு ஏறி இறங்கினார்கள். புரோக்கர் டேப்போடு வந்து, வீட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து புது வாடகையைச் சொல்லிவிட்டுப் போனார். நிலம் சுத்தமாகச் சுத்தமாக வீடுகள் உயர்ந்தன. கல் போய்ப் படி வந்தது, படி போய் ஏணி வந்தது. தெருவில் குடியிருந்த தையல்காரர் ஒருவர் ஒருநாள் மெஷினோடு இறங்கினார், திரும்ப ஏறவில்லை. அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் லிஃப்ட் வைத்துக்கொண்டு குடிவந்தது.

அந்த மண்ணைப் பொக்லைன் வைத்துத் தோண்டியவர், அதே தெருவில் வாடகைக்கு இருந்த வாலுவின் அப்பா.

"நீங்க தோண்டத் தோண்ட நம்ம வீடுதான் மேல போகுது. கொஞ்சம் மெதுவாத்தான் தோண்டுங்களேன்" என்பாள் அம்மா.

"மெதுவா தோண்டுனா என்னைத் தூக்கிருவாங்க. அப்புறம் வீட்டை யாரு புடிச்சு இழுக்குறது? நீ தொங்குறியா?"

வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் அவள் பெஞ்சிலிருந்து அந்த வருஷம் மட்டும் மூன்று பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள். நாலாவது தான்தான் என்ற பயத்தில், பதினைந்து வயதுப் பெண் ஒரு வேலை செய்தாள். அந்த மண் இருந்தவரை எந்த வீடும் அசைந்ததில்லை. அதனால் தினமும் அப்பாவின் பூட்ஸில் ஒட்டிவந்த சாம்பல் நிற மண்ணைச் சுரண்டி, கட்டிலுக்கடியில் ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்தாள். அவர்கள் வீடு மட்டும் ஒரு சாணிலேயே நின்றது.

"என்னங்க, உங்க வீடு மட்டும் ஒக்காந்தே இருக்கு?" என்று புரோக்கர் டேப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வீடு ஏறாத கனம் தம்பிக்குள் இறங்கியது. அந்தக் கட்டிலில் தூங்கிய மூன்று வயதுப் பையனை அம்மாவால் தூக்க முடியவில்லை. மருத்துவமனைத் தராசின் முள் இரண்டு சுற்றுச் சுற்றியது. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். வீட்டில் அந்தக் கம்பெனி மண் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"சேச்சே, வீட்டை தினமும் துடைக்கிறேங்க" என்றாள் அம்மா.

வாலு யோசித்தாள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் தம்பி போவான். சொல்லிவிட்டாள்.

அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்து, "பூட்ஸை நான் சைட்லயே கழட்டியிருக்கணும்டா" என்றார்.

வாளி கடைசி லாரியில் போனது. வீடு அதுவரை பாக்கி வைத்த உயரத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஏறியது. அப்பா பொக்லைன் கையை நீட்டி அம்மாவையும் தம்பியையும் பாத்திரங்களையும் இறக்கினார். வாலு கடைசியாக இறங்கினாள். புரோக்கர் கீழே டேப்போடு காத்திருந்தார்.

தம்பியின் கனம் இறங்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் அப்பாவுக்கு ஊரின் மறுகோடியில், பழைய சாயப்பட்டறை நிலத்தில் வேலை கிடைத்திருந்தது. அதை ஒட்டிய தெருவில் வாடகை குறைவு, வீடுகள் தரையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தன. அங்கேயே ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். திங்கட்கிழமை முதல் லாரி கிளம்பும் முன், அப்பாவின் பூட்ஸை வைக்க வெளியே ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, அம்மா வாசலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டாள்.